சேர்ந்து போனால் போதாது!

கிரேக்கக் கதைகளில் மிகவும் புகழ் பெற்ற தீவுப் பயணம் ஒடிசியஸ் செய்த பயணம்தான். டிராய் போர் முடிந்ததும் 12 கப்பல்களில் தோழர்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். 10 ஆண்டுகள் கழித்துச் சொந்தத் தீவான இத்தாக்காவில் கால் வைத்தபோது, அவன் மட்டும்தான் மிஞ்சியிருந்தான். அவனோடு கிளம்பிய தோழர்களில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் ‘ஒடிசி’யை வீரக் கதையாகப் படிக்கிறவர்கள்தான் அதிகம். நண்பர்களோடு சுற்றுலா கிளம்புகிறவர்கள் அதை வேறு விதமாகவும் படிக்கலாம். அந்தத் தோழர்களை அழித்தவை ராட்சதர்களும் புயலும் மட்டும் அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது, கிளம்பும்போது தலையை எண்ணாமல் விட்டது, பசியிலும் களைப்பிலும் முடிவெடுத்தது... இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பாதி வேலையைச் செய்தன.

இன்றைக்கு அதே கடலுக்குக் கூட்டம் கூட்டமாக நண்பர்கள் போகிறார்கள். எல்லாரும் பத்திரமாகத் திரும்பியும் விடுகிறார்கள். ஆனால், திரும்பிய பிறகும் நண்பர்களாகவே இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஐம்பதைத் தாண்டிய சிநேகிதிகள் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். ‘இப்ப போகலைன்னா எப்பவுமே போக முடியாதுடி!’ என்று ஒருவர் ஆரம்பிக்க, வாட்ஸ்அப்பில் ஒரு குழு பிறந்துவிடுகிறது. ஏதென்ஸ், டெல்ஃபி, அப்புறம் நாக்ஸோஸ், மைக்கோனோஸ், சாண்டோரினி என்று 10 நாள் திட்டம்.

நால்வரில் ஒருவர் வரலாற்று டீச்சர். ஒவ்வொரு கல்லையும் நின்று பார்க்க வேண்டும் அவருக்கு. இன்னொருவருக்கு ஃபோட்டோவும் கடைவீதியும் போதும். மூன்றாமவர் வங்கியில் இருந்தவர். பாஸ்போர்ட், டிக்கெட், பணம் எல்லாம் அவர் கைப்பையில். நான்காமவருக்கு முழங்கால் வலி. அதைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார்.

இந்த நால்வரும் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறார்கள். பெயர்தான் வேறு வேறு.

ஏதென்ஸ்: மலையும் முழங்காலும்

முதல் நாள் அக்ரோபோலிஸ். நகரத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் பாறைக் குன்று. அதன் உச்சியில் இருக்கும் பார்த்தினான் கோயிலைக் கி.மு. 447-ல் கட்டத் தொடங்கினார்கள். பெரிக்ளிஸ் ஏதென்ஸை வழிநடத்திய காலம் அது. கோயில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பெருமளவு முழுசாகத்தான் இருந்தது. பிற்காலத்தில் தேவாலயமாக மாறியது, பிறகு மசூதியாக மாறியது. 1687-ல் வெனிஸ் படை ஏதென்ஸை முற்றுகையிட்டபோது, துருக்கியர்கள் அதற்குள் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு குண்டு வந்து விழுந்தது. கோயிலின் நடுப்பகுதி சிதறிப்போனது. இன்று பார்க்கிற இடிபாட்டில் பெரும் பகுதி அந்த ஒரு நாளின் வேலை.

குன்றின் மேல் இருக்கும் பாறையும் பளிங்கும் லட்சக்கணக்கானவர்களின் கால் பட்டுத் தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழுக்கும். சாதாரணச் செருப்பு உதவாது. நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். டிக்கெட்டை நேரம் குறித்துத்தான் தருகிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை. காலை முதல் சுற்றுக்கே முன்பதிவு செய்துகொண்டால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு.

இங்கேதான் நான்காமவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார். ‘நீங்க போயிட்டு வாங்கடி, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.’

ரொம்பச் சாதாரணமாகச் சொல்வார். மற்ற மூவரும் ‘சரி, ரெஸ்ட் எடு’ என்று கிளம்பிவிடுவார்கள். அப்புறம் டெல்ஃபியிலும் அதையே சொல்வார். நாக்ஸோஸிலும் சொல்வார். பத்தாவது நாள் பார்த்தால், அவர் கிரீஸில் பார்த்ததெல்லாம் பெஞ்சுகளும் டிக்கெட் கவுன்ட்டர்களும்தான். செலவு மட்டும் நால்வருக்கும் ஒன்று.

அக்ரோபோலிஸில் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. பழையது அடிக்கடி மக்கர் செய்ததால் 2020-ல் புதிதாக அமைத்தார்கள். மேலே கொஞ்ச தூரத்துக்குச் சமதளமான பாதையும் போட்டிருக்கிறார்கள். எப்போது, எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் போதும். அதற்கு, முழங்கால் வலி என்ற விஷயம் ஊரில் இருக்கும்போதே மற்ற மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வலியை மறைப்பது தைரியம் இல்லை. தெரிந்தும் கேட்காமல் இருப்பது நாகரிகமும் இல்லை.

குன்றின் கீழே, 2009-ல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். எரெக்தியான் கோயிலின் முகப்பைத் தலையில் தாங்கி நின்ற ஆறு கன்னிச் சிலைகளில் ஐந்து இங்கே இருக்கின்றன. ஆறாவது, 1800-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்துக்கொண்டு போனது. அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஏதென்ஸில் அவள் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் ராத்திரியில் அவளை நினைத்து அழுவதாக அந்தக் காலத்தில் ஊரில் ஒரு கதையே உண்டு. ‘நான் இங்கேயே இருக்கேன்’ என்று சொன்னவரையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்க வேண்டிய இடம் இது.

டெல்ஃபி: கைப்பையில் என்ன இருக்கிறது?

ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில், பர்னாசஸ் மலைச் சரிவில் டெல்ஃபி. அப்போலோ கோயிலில் பித்தியா என்ற பூசாரிப் பெண்மணி குறி சொல்வார். போருக்குப் போகலாமா, புதிய ஊர் அமைக்கலாமா என்று கேட்டு, அரசர்களே ஆள் அனுப்பிய இடம். அந்தக் கோயிலின் வாசலில் மூன்று அறிவுரைகளைப் பொறித்து வைத்திருந்தார்களாம். உன்னை நீ அறிந்துகொள் என்பது முதலாவது. எதிலும் அளவு மீறாதே என்பது இரண்டாவது. மூன்றாவது அவ்வளவாக வெளியே தெரியாது. பிறருக்கு ஜாமீன் நின்றால் கேடு பக்கத்திலேயே இருக்கிறது என்று அதற்குப் பொருள்!

2,000 ஆண்டுகளுக்கு முன்னாலும் நட்பைக் கெடுத்தது பணம்தான் போலிருக்கிறது.

ஒடிசியஸின் பையும் இதைத்தான் சொல்கிறது. காற்றுகளின் காவலனான ஈயோலஸ், பாதகமான காற்றுகளையெல்லாம் ஒரு தோல் பைக்குள் கட்டி அவனிடம் கொடுத்தான். ஒடிசியஸ் ஒன்பது நாள் தூங்காமல் தானே கப்பலைச் செலுத்தினான். யாரிடமும் பொறுப்பைத் தரவில்லை. பைக்குள் என்ன என்றும் சொல்லவில்லை. பத்தாம் நாள் சொந்தத் தீவு கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நிம்மதியில் கண் அசந்தான். ‘உள்ளே தங்கமும் வெள்ளியும் இருக்கும். நமக்குப் பங்கு தராமல் ஒளிக்கிறான்’ என்று தோழர்கள் பையை அவிழ்த்தார்கள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கப்பல்கள் புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தன.

தவறு யாருடையது? சந்தேகப்பட்டவர்களுடையது என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால், ஒரே ஆள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு, எதையும் சொல்லாமல், கடைசியில் களைத்து விழுந்ததும் தவறுதான்.

வங்கிக்காரச் சிநேகிதியின் கைப்பை அந்தத் தோல் பைதான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அவர் மட்டும் ரசீதுகளை வைத்துக் கூட்டிக்கொண்டிருப்பார். நாலாம் நாள், ‘ஒரு காபிக்கு இவ்வளவு யூரோவா?’ என்று ஒருவர் கேட்ட கேள்வி அவரைச் சுருக்கென்று குத்தும். இதற்கு வைத்தியம் சுலபம். பொதுச் செலவுக்கென்று நால்வரும் சமமாகப் பணம் போட்டு ஒரு பர்ஸ். தினமும் சாப்பாட்டு மேசையில் இரண்டு நிமிடம் கணக்கு வாசிப்பு. டிக்கெட், காப்பீடு, விடுதி முகவரி எல்லாவற்றின் படமும் நால்வர் ஃபோனிலும். பர்ஸை வைத்திருக்கும் பொறுப்பு இரண்டு நாளைக்கு ஒருமுறை கைமாறட்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்களும் அங்கே திண்டாடத் தேவையில்லை. தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்து வேகவைத்த யெமிஸ்தா, கீரையைப் பொதிந்து சுட்ட ஸ்பனகோபிதா, வெந்த கீரையில் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்ட ஹோர்ட்டா எல்லாம் சாதாரண உணவகத்திலேயே கிடைக்கும். சாண்டோரினியின் ஃபாவா, நம் பருப்பு மசியலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. யெமிஸ்தாவில் சில இடங்களில் கறியும் சேர்ப்பார்கள் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

சௌனியன் முனை: வீட்டுக்கு ஒரு தகவல்

ஏதென்ஸிலிருந்து கடற்கரையோரமாக 70 கிலோமீட்டர் போனால் சௌனியன் முனை. செங்குத்தான பாறையின் மேல் கடல் தெய்வம் பொசைடனின் கோயில், வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது. சூரிய அஸ்தமனம் பார்க்க இதைவிட நல்ல இடம் ஏதென்ஸ் பக்கத்தில் கிடையாது. ஃபோட்டோ எடுக்கிற சிநேகிதியை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம்.

இந்த இடத்துக்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ், மினோட்டார் என்ற எருதுத்தலை அரக்கனைக் கொல்லக் கிரீட் தீவுக்குப் போனான். உயிரோடு திரும்பினால் கறுப்புப் பாயை இறக்கிவிட்டு வெள்ளைப் பாயை ஏற்றுவதாக அப்பா ஏஜியஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அரக்கனைக் கொன்றான். பாயை மாற்ற மறந்துவிட்டான். கடலைப் பார்த்தபடியே காத்திருந்த அப்பா, தூரத்தில் கறுப்புப் பாய் தெரிந்ததும் மகன் போய்விட்டான் என்று எண்ணிக் கடலில் விழுந்தார். அதனால்தான் அதற்கு ஏஜியன் கடல் என்று பெயர் வந்தது என்பார்கள். அவர் விழுந்தது இந்த முனையிலிருந்து என்று ஒரு மரபு.

இந்தக் காலத்து வெள்ளைப் பாய், வீட்டுக்கு அனுப்பும் ஒரு வரிச் செய்தி. ‘கப்பல் ஏறிட்டோம்’, ‘ரூமுக்கு வந்துட்டோம்’. அவ்வளவுதான். நூறு படம் அனுப்பத் தேவையில்லை. அந்த ஒரு வரிக்காக வீட்டில் ஒருவர் ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பார்.

நாக்ஸோஸ்: விட்டுவிட்டுப் போனவன்

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் ஏறினால் ஐந்தாறு மணி நேரத்தில் நாக்ஸோஸ். கப்பல் தீவுகளில் சில நிமிடங்களே நிற்கும். இறங்க வேண்டியவர்கள் முன்கூட்டியே கீழ்த்தளத்துக்கு வந்து, பெட்டியோடு தயாராக நிற்க வேண்டும். பின்பக்கக் கதவு இறங்கியதும் லாரி, கார், மனிதர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாய்வார்கள். காபி வாங்கப் போனவருக்காகக் கப்பல் நிற்காது.

கரையை நெருங்கும்போதே ஒரு பிரம்மாண்டமான கல் வாசல் தெரியும். போர்தாரா என்று பெயர். கி.மு. 6-ம் நூற்றாண்டில் அப்போலோவுக்காகக் கட்டத் தொடங்கி, முடியாமல் போன கோயில். மிஞ்சியது சுமார் 6 மீட்டர் உயர வாசற்சட்டம் மட்டும். கோயில் இல்லாத வாசலுக்குள் வானமும் கடலும் தெரிகின்றன.

தீசியஸ் கதையின் இன்னொரு பகுதி இந்தத் தீவில்தான் நடக்கிறது. மினோட்டார் அடைபட்டிருந்த புதிர்க் கோட்டையிலிருந்து வெளியே வர, நூலுருண்டை கொடுத்து அவனைக் காப்பாற்றியவள் கிரீட் இளவரசி அரியாட்னி. அப்பாவையும் ஊரையும் விட்டு அவனோடு வந்தாள். நாக்ஸோஸ் கரையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவளை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஏன் விட்டான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கண் விழித்தவளுக்கு முன்னால் வெறும் கடல்தான் இருந்தது.

‘ஒடிசி’யிலும் இப்படி ஒருவன் உண்டு. எல்பெனோர், தோழர்களில் மிகச் சின்னவன். குடித்துவிட்டு மாளிகைக் கூரையில் தூங்கினான். காலையில் கப்பல் கிளம்பும் சத்தம் கேட்டு அரைத் தூக்கத்தில் எழுந்தவன், ஏணியை மறந்து கீழே விழுந்து இறந்தான். அவசரத்தில் கிளம்பிய மற்றவர்களால் அவன் உடலுக்கு ஈமக்கடன்கூடச் செய்ய முடியவில்லை. பிறகு இறந்தோர் உலகில் அவன் ஆவியே வந்து, ‘என்னை இப்படியே விட்டுவிடாதே’ என்று கெஞ்ச, திரும்பி வந்து இறுதிச் சடங்கு செய்தார்கள்.

கதைதான். ஆனால், கிளம்பும்போது தலையை எண்ணுங்கள் என்று இதைவிட அழுத்தமாக யாராலும் சொல்ல முடியாது.

டீலோஸ்: கடைசிப் படகு

மைக்கோனோஸ் தீவின் வெள்ளை வீடுகளும் காற்றாலைகளும் ஃபோட்டோ சிநேகிதிக்கு. அங்கிருந்து படகில் அரை மணி நேரத்தில் இருக்கும் டீலோஸ், டீச்சருக்கு.

சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள சின்னஞ்சிறு பாறைத் தீவு அது. கர்ப்பிணியான லீட்டோவை, ஹீராவின் கோபத்துக்குப் பயந்து எந்த நிலமும் ஏற்கவில்லை. ஒன்றுமே விளையாத டீலோஸ்தான் இடம் கொடுத்தது. அப்போலோ அங்கே பிறந்தான் என்கிறது புராணம். அதன் பிறகு அது அயோனியக் கிரேக்கர்களின் புனிதத் தலமாகிவிட்டது. சங்கப் பாடல்களில் வரும் ‘யவனர்’ என்ற சொல்லின் வேர் இந்த அயோனியர்களின் பெயர்தான் என்பதைச் சொல்லாமல் டீச்சர் விடமாட்டார்.

கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரர்கள் ஒரு கட்டளை போட்டார்கள். இந்தத் தீவில் இனி யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. இருந்த கல்லறைகளைத் தோண்டிப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். பிற்காலத்தில் ரோமானியர்கள் வரியில்லாத் துறைமுகமாக அறிவிக்க, டீலோஸ் கடல் வணிகத்தில் கொழித்தது. அடிமைச் சந்தைக்கும் பேர் போனது. கி.மு. 88-லும் கி.மு. 69-லும் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. மொசைக் தரை போட்ட வீடுகள், நாடக அரங்கு, வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிங்கங்கள் எல்லாம் இருக்கின்றன. வெளியே இருப்பவை நகல்கள். அசல் சிங்கங்கள் அருங்காட்சியகத்தில்.

இன்றும் சுற்றுலாப் பயணிகள் டீலோஸில் இரவு தங்க முடியாது. கடைசிப் படகை விட்டுவிடக் கூடாது. பிரிந்து சுற்றினாலும் ‘இத்தனை மணிக்கு, இந்த இடத்தில்’ என்று பேசி வைத்துக்கொண்டே பிரிய வேண்டும். பார்க்கும் இடமெல்லாம் வெட்டவெளி. நிழல் அபூர்வம். தண்ணீரும் தொப்பியும் கையிலேயே இருக்க வேண்டும்.

வெயிலை லேசாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு 2024 ஜூன் மாதம் ஒரு பாடம். பிரிட்டனில் வீடுவீடாகத் தெரிந்த தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி, சிமி தீவில் மனைவியோடும் நண்பர்களோடும் கடற்கரைக்குப் போயிருந்தார். அங்கிருந்து அவர் மட்டும் தனியாக நடந்து கிளம்பினார். கடும் வெயில். நான்கு நாள் தேடலுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. உடல்நலம் பற்றி ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். அதே மாதம் கிரேக்கத் தீவுகளில் நடக்கப் போன வேறு சில பயணிகளும் இறந்தார்கள். வெப்ப அலை வீசும் நாட்களில் அக்ரோபோலிஸையே மதியம் முதல் மாலை வரை மூடிவிடுகிறது அரசு.

ஆகவே, ‘நீங்க இருங்கடி, நான் மட்டும் ஒரு நடை போயிட்டு வர்றேன்’ என்பதும், ‘நான் இங்கேயே இருக்கேன்’ என்பதைப் போலக் கவனித்துக் கேட்க வேண்டிய வாக்கியம். முடிந்தால் இருவராகப் போக வேண்டும். ஃபோன் கையில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 112 என்ற எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் வேலை செய்யும். ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்துவிட்டு மே மாதமோ, செப்டம்பர் கடைசியோ, அக்டோபர் தொடக்கமோ போவது உத்தமம்.

காற்றுக்காகவும்தான். கோடையில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். அது மிஞ்சினால் கப்பல்கள் புறப்படத் துறைமுக அதிகாரிகள் தடை போட்டுவிடுவார்கள். யாரிடம் சண்டை போட்டும் பயன் இல்லை. ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே ஏதென்ஸ் வந்துவிடும்படி திட்டம் போட்டவர்களுக்கு அந்தத் தடை ஒரு நாள் ஓய்வு. போடாதவர்களுக்குப் பெரும் நஷ்டம்.

சாண்டோரினி: எல்லாரும் கிளம்பிய ஊர்

கடைசித் தீவு சாண்டோரினி. எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் போய்விட, மிஞ்சிய பிறை வடிவ விளிம்பில் வெள்ளை வீடுகள். ஓயா கிராமத்தில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒவ்வொரு மாலையும் திருவிழாக் கூட்டம். கூட்டம் தாங்காமல்தான் 2025-லிருந்து உல்லாசக் கப்பல் பயணிகளை ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

தீவின் தெற்குப் பக்கம் இருக்கும் அக்ரோத்திரியை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடக் கூடாது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்த நகரம் அது. 1967-ல் ஸ்பிரிடன் மரினாட்டோஸ் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டத் தொடங்கினார். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், கல் பாவிய தெருக்கள், கழிவுநீர்க் கால்வாய், ஆளுயரத்துக்குக் கொஞ்சமே குறைந்த தானியச் சாடிகள் எல்லாம் வெளிவந்தன. சுவரோவியங்களில் மீன் கோத்த கயிறுகளோடு நிற்கும் மீனவன், குத்துச்சண்டை போடும் இரண்டு சிறுவர்கள், லில்லி மலர்களுக்கு மேலே பறக்கும் தகைவிலான் குருவிகள் இருக்கின்றன. சிலவற்றை ஃபீரா நகர அருங்காட்சியகத்திலும், சிறுவர்களையும் குருவிகளையும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். அகழ்வு இடம் முழுவதும் கூரைக்குக் கீழே இருப்பதால் வெயில் கிடையாது. நடைபாதையும் வசதியானது. முழங்கால் வலிக்காரர் முதல் ஆளாக நடந்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அக்ரோத்திரியை இத்தாலியின் பாம்பேயோடு ஒப்பிடுவார்கள். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாம்பேயில் சாம்பலுக்குள் மனிதர்கள் கிடைத்தார்கள். அக்ரோத்திரியில் எரிமலைக்குப் பலியானவர்களின் உடல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. நகைகளும் ஏறக்குறைய இல்லை. முதலில் நிலம் நடுங்கியிருக்கிறது. மக்கள் வெளியேறியிருக்கிறார்கள். சிலர் திரும்பி வந்து இடிபாட்டை அகற்றிச் சீர்செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். அப்போது அடுக்கி வைத்த கட்டில்களின் தடயம்கூடக் கிடைத்திருக்கிறது. பிறகு மறுபடியும் அறிகுறி தெரிய, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாம்பல் விழுந்தபோது வீடுகள் மட்டும்தான் இருந்தன.

2025 பிப்ரவரியில் சாண்டோரினியைச் சுற்றி விடாமல் நிலம் நடுங்கியது. பள்ளிகளை மூடினார்கள். சில நாட்களுக்குள் 10,000 பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டு வெளியேறினார்கள். கையில் குழந்தை, இன்னொரு கையில் பெட்டி, பக்கத்தில் வயசான அம்மா. நடுக்கம் அடங்கிய பிறகு திரும்பி வந்தார்கள்.

ஒரு நகரமே கிளம்ப வேண்டும் என்றால், யாரோ ஒருவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நடக்க முடியாதவர்களை யாரோ தாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டியிருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்த யாரோக்களுக்குக் காவியம் எதுவும் கிடையாது. தனியாகத் திரும்பியவனுக்குத்தான் காவியம்.

நால்வரும் மேல் நடைபாதையில் நின்று அந்த வெறும் தெருவைப் பார்க்கும்போது, டீச்சர்கூடக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அப்புறம் யாராவது ஒருவர் கேட்பார்: ‘கால் எப்படிடீ இருக்கு?’